ரைபிளுக்கு முன் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள்

பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர்க்கும் பெற்றோர்களுக்கு,



உங்கள் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் சுடச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளன் எழுதுகிறேன். உங்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "சார், ரைபிள் வாங்கிட்டோம். இதுக்கு எந்த ஸ்கோப் போடலாம்?" சிலர் கேட்பதற்கு முன்பே ஸ்கோப்பையும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். ரேஞ்ச் வாசலில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டுப் பிள்ளையின் முகம் வாடுகிறது, உங்களுக்கும் சங்கடமாகிறது. ஆகவே நீங்கள் கடைக்குப் போவதற்கு முன்பே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பதில் இதுதான். உங்கள் பிள்ளை சுடப்போவது 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் என்றால் ஸ்கோப் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி, ரைபிளில் தொலைநோக்கி பொருத்துவதை அனுமதிப்பதில்லை. மாவட்டப் போட்டியானாலும் ஒலிம்பிக் ஆனாலும் இதே கதைதான். ஸ்கோப்போடு வரும் ரைபிள், போட்டிக்கு முன் நடக்கும் உபகரணச் சோதனை மேசையைத் தாண்டாது. வாங்கிய பணம் வாங்கிய அன்றே வீண். பணம் போனால் மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த பொருளைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லும்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வருகிற ஏமாற்றத்தை அவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடிவதில்லை. அதற்குப் பிறகு நான் எவ்வளவு நல்ல சைட்டைக் கையில் கொடுத்தாலும் அது பிள்ளைக்கு இரண்டாந்தரப் பொருளாகவே தெரிகிறது.

இதில் உங்கள்மேல் மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஏர் ரைபிள் விற்கிறவர்கள் அதை விளையாட்டுக் கருவியாகவா காட்டுகிறார்கள்? விளம்பரப் படங்களைப் பாருங்கள். கறுப்பு உடை, புதருக்குள் பதுங்கிய ஆள், ரைபிள்மேல் நீளமாக ஒரு ஸ்கோப். சினிமாவும் கைபேசி விளையாட்டுகளும் இதையேதான் காட்டுகின்றன. குறி தவறாமல் சுட வேண்டுமென்றால் உருப்பெருக்கும் கண்ணாடி வேண்டும் என்று பிள்ளையும் நம்புகிறது, நீங்களும் நம்புகிறீர்கள். "பையன் எந்தப் பிரிவில் சுடப்போகிறான்?" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். அவர் கேட்காததால் நான் கேட்கிறேன்.

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா எந்த ஸ்கோப் வழியாகவும் பார்க்கவில்லை. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும் பார்க்கவில்லை. கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும், சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடும் அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றதும் ஸ்கோப் இல்லாமல்தான். பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு கறுப்பு வட்டம். இந்த மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்த விளையாட்டு. நாங்கள் பீப் சைட் என்றும் டயாப்டர் என்றும் சொல்வது இந்த அமைப்பைத்தான். உங்கள் பிள்ளையின் புது ரைபிளுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதை.

"போட்டிக்கு வேண்டாம் சார், பழகுறதுக்காவது ஸ்கோப் இருக்கட்டுமே" என்று சிலர் கேட்கிறீர்கள். பழகுவதற்கும் வேண்டாம் என்பேன். காரணம் இருக்கிறது. ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கும்போது கை ஆட்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. நின்றுகொண்டு சுடும் எவருக்கும் ஆட்டம் உண்டு, உலகச் சாம்பியனுக்கும் உண்டு. புதிதாகச் சுடும் பிள்ளை ஒன்பது மடங்கு ஸ்கோப்பில் பார்த்தால் குறுக்குக் கோடு இலக்கெங்கும் அலைவது தெரியும். அது நடுவுக்கு வரும் கணத்தில் பிள்ளை சட்டென்று ட்ரிகரை இழுக்கப் பார்க்கும். அந்த வெடுக் இழுப்பு ஒருமுறை விரலில் ஊறிவிட்டால் எடுப்பதற்குப் பல மாதங்கள் ஆகும். நான் முதல் நாளிலிருந்து கற்றுக்கொடுக்க விரும்புவது இதற்கு நேர் எதிரானது: ஆட்டம் இருக்கட்டும், அதை ஏற்றுக்கொள், விரலை மெதுவாக அழுத்து.

இன்னொன்று, பத்து மீட்டர் என்பது ஸ்கோப்புக்கு மிகக் குறைந்த தூரம். பெரிய துப்பாக்கிகளுக்கென்று செய்யப்பட்ட ஸ்கோப்புகள் பலவற்றில் நூறு கஜத்துக்குக் குவியம் வைத்திருப்பார்கள். அதைப் பத்து மீட்டரில் வைத்துப் பார்த்தால் இலக்கு மங்கலாகத் தெரியும். கண் கொஞ்சம் இடம் மாறினாலும் குறுக்குக் கோடு இலக்கின்மேல் பல மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ரைபிள் அசையாமலேயே குறி அசைகிறது. ஸ்பிரிங் ஏர் ரைபிளில் இன்னும் மோசம். பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கம் உதைக்கும் அந்த அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப் விரைவில் உள்ளே கழன்றுவிடும். ஸ்கோப்புக்கென்று இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓடும் இலக்குப் போட்டியில் நான்கு மடங்குவரை அனுமதி உண்டு. ஃபீல்டு டார்கெட் போன்ற போட்டிகளில் ஸ்கோப் இல்லாமல் முடியாது. உங்கள் பிள்ளை அந்தப் பிரிவுகளுக்குப் போகும் நாளில் அதற்கேற்ற ஸ்கோப்பை நானே உட்கார்ந்து தேர்ந்தெடுத்துத் தருகிறேன். முதல் ரைபிளுக்கு அது வேண்டாம்.

சரி, பீப் சைட் என்றால் எது, எப்படி என்பது அடுத்த கேள்வி. நீங்கள் அதிக அக்கறை காட்ட வேண்டிய இடமும் இதுதான். ஒரு உண்மையை முதலில் மனதில் வையுங்கள். ரைபிள் தோளுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும், சைட் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கடைக்குப் போய் அதற்கு மூக்குக்கண்ணாடி வாங்கி வருவீர்களா? சைட்டை மட்டும் அப்படித்தான் வாங்குகிறீர்கள்.

அதனால் முதலில் கண். பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். கரும்பலகை தெரிகிறது, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் சிறு குறை இருந்தால் அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது, இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். ரைபிளின் பின்னால் அந்த ஒரே கண்தான் வேலை செய்கிறது. ஏற்கெனவே கண்ணாடி போடும் பிள்ளையானால் இன்னொரு விஷயம் உண்டு. ரைபிளில் கன்னத்தை வைத்ததும் தலை சாய்கிறது. பார்வை கண்ணாடியின் நடுப்பகுதியை விட்டு, மூக்கோரம் இருக்கும் மேல் மூலை வழியாகப் போகிறது. அங்கே லென்ஸின் திறன் வேறுமாதிரி வேலை செய்யும், வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். சுடுவோருக்கென்று தனிச் சட்டகம் உண்டு. கண்ணுக்கு நேர் எதிரில் லென்ஸ் செங்குத்தாக நிற்கும்படி அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ரைபிளில் எந்த அலங்காரத்தையும் சேர்ப்பதற்கு முன் அந்தச் சட்டகத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு சுட வரும் பெற்றோர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கு முன் வளையம் மங்கலாகத் தெரிந்தால் குற்றம் சைட்டில் இல்லை. சுமார் ஒரு மீட்டருக்குள் இருக்கும் அந்த வளையத்தைத் தெளிவாகக் காட்டும் லென்ஸ் வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்தக் கண் முன்னிற்கிறது என்பது. வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது கண் வலுவாக இருக்கலாம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அந்த இடைவெளி வழியாக உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரில் நிற்கும் உங்களுக்குப் பிள்ளையின் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் முன்னிற்கும் கண். கையும் கண்ணும் வேறு வேறு பக்கமாக இருந்தால் அதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு ரைபிள் வாங்குங்கள், ஏனென்றால் வலது கை ஸ்டாக்கா இடது கை ஸ்டாக்கா என்பதே அதைப் பொறுத்து மாறலாம். சுடாத கண்ணை இறுக மூடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள். மூடினால் முகத் தசை இறுகும், திறந்த கண்ணும் சோர்ந்துபோகும். சுடாத கண்ணுக்கு முன்னால் பிளைண்டர் என்ற சிறு மறைப்பை மாட்டிக்கொள்ளலாம், 30 மில்லிமீட்டர் அகலம்வரை விதி அனுமதிக்கிறது. அது வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை நிறமாக இருக்கட்டும். ஒரு கண்ணை இருட்டாக்கினால் மற்றக் கண்ணின் பாப்பாவும் சேர்ந்து விரிந்துவிடும்.

இனிப் பின் சைட்டின் துளை. சிறு துளை வழியாகப் பார்த்தால் தூரத்துப் பொருளும் கிட்டத்துப் பொருளும் ஓரளவு ஒன்றுபோலத் தெளியும். ஊசித்துளைக் கேமராவைப் பள்ளியில் செய்து பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும். அதற்காகத் துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போகக் கூடாது. அளவுக்கு மீறிச் சிறுத்தால் படம் இருண்டு ஓரங்கள் மங்கும். பெரும்பாலானவர்களுக்கு 1.0 முதல் 1.3 மில்லிமீட்டருக்குள் ஒரு அளவு ஒத்துவரும். எங்கள் ரேஞ்சில் விளக்கு ஒருமாதிரி, அடுத்த ஊர் ரேஞ்சில் வேறுமாதிரி என்பதால், துளையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் ஒன்று வாங்கித் தந்தால் பிள்ளைக்கு நெடுநாள் உதவும். அதோடு சேர்த்து மஞ்சள், சாம்பல், பச்சை என்று நிறக் கண்ணாடிகள் அடுக்கிய ஐரிஸைக் கடைக்காரர்கள் உங்கள் தலையில் கட்டுவார்கள். உள்ளரங்கில் வெள்ளை விளக்கின் கீழ் சுடும் தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது தேவையில்லை.

முன் வளையத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர் விட்டம். கண்ணிலிருந்து முன் சைட் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் கறுப்பு வட்டம் 2.7 மில்லிமீட்டர் அளவாகத் தெரியும். 3 மில்லிமீட்டர் வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி நூலளவு வெள்ளைதான் மிஞ்சும். பார்க்கக் கச்சிதமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. ஆனால் ரைபிள் இலக்கில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அசைந்ததுமே அந்த வெள்ளை ஒரு பக்கம் காணாமல் போய்விடும். பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் அது பத்துதான். அதாவது பத்துக்குள் இருக்கும் ஆட்டத்தைப் பார்த்தே பிள்ளை பயப்படுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது, கை சோர்கிறது, கடைசியில் அவசரப்பட்டுச் சுடுகிறது. அதே பிள்ளைக்கு 4 மில்லிமீட்டர் வளையம் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் அகலமான வெள்ளை. ஏழரை மில்லிமீட்டர் அளவுக்கு அசைந்தால்தான் கறுப்பு ஓரத்தைத் தொடும். கண் நிதானமாகிறது, விரல் தன் வேலையைப் பார்க்கிறது. வெள்ளை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதைச் சொல்லும் திறமை நம் கண்ணுக்கு இயல்பிலேயே உண்டு, அதை நம்பலாம். முன் வளையத்தின் விலையோ மொத்தச் செலவில் மிகச் சிறியது. அதை மாற்றினாலே பல பிள்ளைகளின் மதிப்பெண் ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சைட்டின் உயரத்தையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளை நிற்கும்போது பக்கவாட்டில் போய் நின்று கழுத்தைப் பாருங்கள். தலை முன்னால் குனிந்து, கழுத்து நீண்டு, சைட்டைத் தேடிப் போகிறதா? அப்படியானால் சைட் தாழ்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் அடியில் உயர்த்திகள் வைத்துச் சைட்டைக் கண்ணுக்குக் கொண்டுவரலாம். வளரும் பிள்ளைக்கு இதை அவ்வப்போது மாற்றவும் வேண்டியிருக்கும். சைட் கண்ணைத் தேடி வர வேண்டும். கண் சைட்டைத் தேடிப் போனால் முதுகுவலிதான் மிச்சம்.

கடைசியாக, திருகுகள். நல்ல பின் சைட்டுக்கும் மட்டமான பின் சைட்டுக்கும் வித்தியாசம் பளபளப்பில் தெரியாது, க்ளிக்கில் தெரியும். ஒரு க்ளிக் திருப்பினால் விழும் இடம் ஒரே அளவு நகர வேண்டும். மட்டமான சைட்டில் ஒரு க்ளிக் திருப்பினால் ஒன்றும் ஆகாது, இரண்டாவது க்ளிக்கில் மூன்று க்ளிக் அளவு தாவும். பிள்ளை தன் கையைச் சந்தேகிக்கத் தொடங்கும், நீங்களும் பிள்ளையைச் சந்தேகிப்பீர்கள். வாங்குமுன் சோதித்துவிடலாம். ரைபிளை மணல் பையில் வைத்து ஐந்து பெல்லட் சுடச் சொல்லுங்கள். பிறகு வலப்பக்கம் பத்து க்ளிக், ஐந்து பெல்லட். மேலே பத்து, ஐந்து பெல்லட். இடப்பக்கம் பத்து, ஐந்து பெல்லட். கீழே பத்து, மறுபடி ஐந்து. கடைசி ஐந்தும் முதல் ஐந்து விழுந்த இடத்திலேயே விழுந்து, நடுவில் சுட்டவை சதுரமாக நின்றால் அந்தச் சைட்டை நம்பலாம். எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் போகும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதையும் அப்போதே பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருக்கும் ரைபிளில், முன் சைட் 0.1 மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் 1.25 மில்லிமீட்டர் விலகும். தசமக் கணக்கில் அரை மதிப்பெண் போச்சு. தளர்ந்த திருகு ஒன்று போதும் அதற்கு.

பிந்த்ராவின் பெய்ஜிங் இறுதிச் சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றில் 596 எடுத்து நான்காவதாக வந்தவர். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்குச் சுட்டபோது பெல்லட் நான்காம் வளையத்தில் போய் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சைட் இருந்த இடத்தில் இல்லை. கிடைத்த சில நிமிடத்தில் க்ளிக்குகளைத் திருத்தி நடுவுக்குக் கொண்டுவந்தார். கடைசிப் பெல்லட்டில் 10.8 எடுத்து மொத்தம் 700.5 மதிப்பெண்ணோடு தங்கம் வாங்கினார். தன் சைட்டை விரல்நுனியில் அறிந்தவரால்தான் அந்த நிமிடங்களில் அப்படித் திருத்த முடிந்தது. உங்கள் பிள்ளைக்கும் அந்த அறிமுகம் வேண்டும். சைட்டை நீங்களோ நானோ திருகித் தரக் கூடாது, பிள்ளையே திருகிப் பழக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் மனம்விட்டுப் பேசிவிடுவோம். நல்ல டயாப்டர் ஒன்றின் விலை தொடக்கநிலை ஏர் ரைபிளின் விலையைத் தாண்டிவிடும். "துப்பாக்கியை விடச் சைட் விலை அதிகமா?" என்று நீங்கள் திகைப்பது நியாயம். எல்லோராலும் முடியாது என்று எனக்கும் தெரியும், நகையை அடகு வைத்துப் பிள்ளையை அழைத்து வரும் குடும்பங்களும் உங்களுள் உண்டு. உடனே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் போட்டிகளில் ஓபன் சைட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. ரைபிளோடு வரும் சாதாரணச் சைட்டிலேயே பிள்ளை ஒரு பருவம் சுடலாம். நிற்பதும் மூச்சும் ட்ரிகரும் அதிலேயே கைவந்துவிடும். பீப் சைட்டுக்கு மாறும்போது எல்லாம் கூடவே வரும். கண்டிக்க வேண்டியது வேறொரு செலவை. விலை உயர்ந்த ரைபிளை முதலிலேயே வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் பெயர் தெரியாத சைட்டையோ ஸ்கோப்பையோ மாட்டுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். எளிய ரைபிளும் நல்ல சைட்டும் இருந்தால் பிள்ளை முன்னேறும். ரைபிளை மாற்றும்போது அந்தச் சைட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளவும் முடியும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்போடு சொல்கிறேன். ஸ்கோப் மாட்டிய ரைபிள் வீட்டில் இருந்தால் அது மொட்டைமாடிக்குப் போகும். பத்து மீட்டர் இலக்குக்கு அனுமதியில்லாத அந்தக் கண்ணாடி, எதிர்த் தென்னையில் உட்கார்ந்திருக்கும் மணிப்புறாவை அருகில் கொண்டுவந்து காட்டும். சிறு பிள்ளையின் மனசு அங்கே தடுமாறும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தப் பறவையைச் சுடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், உயிரைக் குறிவைத்துப் பழகிய விரலுக்கு நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுக்க மாட்டேன். 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மையாகிவிடாது. அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களிடம் நான் கேட்பது சில காரியங்கள்தான். ரைபிள் வாங்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள். முதல் சில மாதங்கள் பிள்ளை க்ளப் ரைபிளில் சுடட்டும். அதற்குள் கண் பரிசோதனையை முடியுங்கள். கடைக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துப்போங்கள், முடிந்தால் பயிற்சியாளரையும் அழையுங்கள். எந்தச் சைட்டையும் பிள்ளையின் கண்ணில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வளையத்தில் எது தெளிவாகத் தெரிகிறது என்று பிள்ளை சொல்வதை நம்புங்கள், அந்தக் கண்ணுக்குள் நீங்களும் போய்ப் பார்க்க முடியாது, நானும் போய்ப் பார்க்க முடியாது.

கடைசிக் கோரிக்கை நீங்கள் சேர்ந்து செய்ய வேண்டியது. உங்கள் ஊர் க்ளப்பில் பெற்றோர்கள் ஒன்றாகப் போய்க் கேளுங்கள்: ஒவ்வொரு ரேஞ்சிலும் ஒரு சைட் பெட்டி வேண்டும். அதில் 3.4 முதல் 4.6 மில்லிமீட்டர்வரை முன் வளையங்கள், ஓரிரண்டு ஐரிஸ், நம்பகமான பின் சைட் ஒன்று, உயர்த்திகள், பிளைண்டர்கள் இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் வாங்குவதற்கு முன் மாட்டிச் சுட்டுப் பார்க்கலாம். வளர்ந்த பிள்ளைகள் மாற்றிவிட்ட பழைய சைட்டுகளை அந்தப் பெட்டிக்கே கொடுங்கள். பத்துக் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் அந்தப் பெட்டி தயாராகிவிடும். தனியாக வாங்க முடியாத பிள்ளைக்கும் சரியான வளையம் கிடைக்கும். க்ளப் மறுத்தால் மறுபடி கேளுங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். அடுத்த மாவட்டப் போட்டிக்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பயிற்சியாளன்